ரக்பி லீகுக்கு நான் சீட்டுப் பிடித்த கதை

சிலர் பெயரில் தெரு இருக்கும். கொஞ்சம் வசதியானவர்கள் பெயரில் கல்யாண மண்டபம் இருக்கும். என் பெயரில் ஒரு ரக்பி லீகின் துணைவிதி இருக்கிறது. பதினான்காம் துணைவிதி, 'பகவதி முறை' என்று அச்சில் ஏறியிருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்று வருடாவருடம் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறவள் நான்தான். வருடாவருடம் தோற்கிறவளும் நான்தான்.

கேரளத்தில் தொழில்முறை ரக்பி லீக் ஒன்று நடக்கிறது என்று சொன்னால் கேரளத்துக்காரர்களே நம்புவதில்லை. ரக்பியில் பதினைந்து பேர் ஆடும் வகை ஒன்று, பதின்மூன்று பேர் ஆடும் லீக் வகை இன்னொன்று. எங்களுடையது பதின்மூன்று. (இதற்கு ஆழமான காரணம் ஏதும் இல்லை. இரண்டு ஆள் சம்பளம் மிச்சம்.) மொத்தம் ஆறு கிளப்புகள். கொச்சி, கோழிக்கோடு, திருச்சூர் மூன்றும் பெரிய இடம். பின்னால் நகைக்கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி என்று ஆட்கள் உண்டு. கொல்லம், பாலக்காடு, திருவனந்தபுரம் மூன்றும் எங்கள் மாதிரி.

திருவனந்தபுரம் கிளப்புக்குக் 'கோட்டைக் காளைகள்' என்று பெயர். அதன் தலைவர், புரவலர், முதல் ரசிகர் எல்லாம் என் சித்தப்பா. சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமானும் பெயின்டும் விற்கிறார். பெயின்ட் கம்பெனிக்காரர்கள் நன்றாக விற்றுக் கொடுக்கும் வியாபாரிகளை வெளிநாடு கூட்டிப்போவார்கள். அப்படி ஆஸ்திரேலியா போனவர், கங்காருவைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் ஒரு ரக்பி ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இருபத்தாறு பேரு மூஞ்சி மொகரை பாக்காம முட்டிக்கிட்டான் கேட்டியா. ஒருத்தனாவது போலீஸக் கூப்பிடணுமே! கடைசியில கையக் குடுத்துட்டுப் போயிட்டான். நம்ம தெருவுல ஒரு வண்டி கண்ணாடியில இன்னொருத்தன் சைக்கிள் உரசினா அஞ்சு வருஷம் கேஸ் நடக்கும்."

நாகரிகம் என்றால் என்ன என்று அவருக்கு அன்றைக்குப் புரிந்துவிட்டது. ஆறு மாதத்தில் கிளப் தொடங்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"எட்டி பகவதி, ஒனக்கு இங்கிலீஷ் தெரியும், எக்செல் தெரியும். செயலாளர் நீயாக்கும்."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது, எவன் எப்படிப் புகுந்து எதைக் கெடுக்கலாம் என்று யோசித்துக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றும் மறக்க முடியவில்லை.)

செயலாளராக நான் செய்த முதல் காரியம் ஆள் பிடித்தது. எங்கள் ஆபீஸ் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஜெபராஜ். ஊர் வித்துரா. ஆறடிக்கு மேல் உயரம்; தோளைப் பார்த்தால் யாருமே தெரியாமல்கூட அவனை இடித்துவிட மாட்டார்கள். ஒருநாள் நெடுஞ்சாலை நெரிசலில் எங்கள் வேனுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் சரிந்து, ஓட்டிவந்த அம்மாள் அடியில் சிக்கிக்கொண்டார். ஜெபா இறங்கிப் போய் ஒரு கையால் ஸ்கூட்டரைத் தூக்கி ஓரமாக வைத்தான். இன்னொரு கையில் போன், தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தவில்லை. நான் அன்று சாயங்காலமே சித்தப்பாவுக்குத் தகவல் சொல்லிவிட்டேன்.

ஜெபா உடனே சம்மதிக்கவில்லை. "மாசாமாசம் சம்பளம் வருமா அக்கா? வண்டி ஓட்டுனா ஒண்ணாந்தேதி கரெக்டா வருது."

"ஒப்பந்தம் போட்டுத் தரோம் ஜெபா. நான் இருக்கேன்லா?"

'நான் இருக்கேன்லா' என்று நான் வாழ்க்கையில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு வேலையை விட்டவன் இவன் ஒருவன்தான். மூன்று மாதப் பயிற்சியில் காப்டனும் ஆகிவிட்டான்.

இதற்குள் லீகில் அடிதடி ஆரம்பமாகியிருந்தது. மைதானத்தில் அல்ல, மீட்டிங்கில். மைதானத்தில் இன்னும் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை.

பிரச்சினை இதுதான். லீகுக்கு ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரப் பணம் தந்தது. ஆறு மாதத்துக்கு ஆறு தவணை. அதை ஆறு கிளப்புக்கும் எப்படிப் பிரிப்பது? யார் ஆட்டத்துக்கு அதிகக் கூட்டம் வருகிறதோ அவர்களுக்கு அதிகப் பங்கு என்றன பெரிய மூன்றும். ஆளுக்குச் சமபங்கு என்றோம் சிறிய மூன்றும். ஓட்டு மூன்றுக்கு மூன்று. சமமாக நின்றால் தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடிக்கலாம் என்று விதி சொன்னது. ஆனால் எங்கள் லீக் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. சர்வீஸில் இருந்த காலம் முழுக்க எந்தக் கோப்பிலும் முடிவெழுதாமல், 'நேரில் பேசவும்' என்று ஓரத்தில் எழுதியே பென்ஷன் வாங்கியவர். அவர் எங்களிடமும், "நிங்ஙள் தம்மில் ஒந்நு பேசி வரூ" என்று, உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள் என்று கைகூப்பிவிட்டார். மூன்று கூட்டம் இப்படிப் போனது. மெத்தைக் கம்பெனிப் பணம் வங்கியில் சுகமாகப் படுத்திருந்தது.

எங்களுக்குத்தான் படுக்க நேரமில்லை. ஆட்டக்காரர்களின் காப்பீட்டையும் ஆட்டப் பருவத்தின் முதல் மாதச் சம்பளத்தையும் மாதக் கடைசிக்குள் கட்டி ரசீது காட்டாத கிளப்புக்கு உரிமம் கிடையாது என்று இன்னொரு விதி. பெரிய கிளப்புகள் சொந்தப் பையிலிருந்து கட்டிவிட்டன. சித்தப்பா சீருடைக்கும் பயிற்சியாளருக்கும் மைதான வாடகைக்கும் கொடுத்தே களைத்திருந்தார். வீட்டுப் பணத்தில் இனி ஒரு ரூபாய் அந்தக் கோணல் பந்துக்குப் போனால் நான் அம்மை வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சித்தி சொல்லியிருந்தார். சித்தியின் அம்மை வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. ஆனாலும் சித்தப்பா பயந்தார்.

பணம் பிரியாவிட்டால் உரிமம் இல்லை. உரிமம் இல்லாவிட்டால் கிளப் இல்லை. கிளப் இல்லாவிட்டால் ஜெபாவுக்கு வேனும் இல்லை, பந்தும் இல்லை.

யோசனை எனக்கு ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் வந்தது. அங்கே பன்னிரண்டு பேரை வைத்து நான் ஏலச்சீட்டு நடத்திக்கொண்டிருந்தேன். (மலையாளிகளுக்குச் சிட்டி, எங்களுக்குச் சீட்டு. ஆபத்தெல்லாம் ஒன்றுதான்.) மாதாமாதம் எல்லோரும் பணம் போடுவார்கள். சேர்ந்த தொகையை அந்த மாதம் ஒருவர் எடுப்பார். யார் எடுப்பது என்பதற்கு ஏலம். முழுத்தொகை வேண்டாம், இவ்வளவு தள்ளிக் கொடுத்தால் போதும் என்று யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு. அவர் தள்ளியது மற்றவர்களுக்கு லாபமாகப் பிரியும். ஒருமுறை எடுத்தவர் மறுபடி எடுக்க முடியாது. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, கோர்ட் கிடையாது. இரண்டு வருடமாக நடக்கிறது. ஒருவர்கூட என்னிடம் முகம் சுளித்ததில்லை.

ஆறு கிளப். ஆறு தவணை. ஆளுக்கு ஒரு தவணை. யாருக்கு எந்த மாதம் என்பதற்கு ஏலம். அவசரம் உள்ளவர் முதலில் எடுக்கட்டும், காத்திருப்பவருக்கு லாபம். எவ்வளவு அழகு! தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எக்செலில் வரைந்தேன். நிறம்கூடக் கொடுத்தேன்.

சித்தப்பா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கேட்டவர் தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"இதாக்கும் மூளை! நாலு மாசமா அத்தனை வக்கீலும் ஆடிட்டரும் உக்காந்து பேசுதானுவ, ஒருத்தனுக்காவது தோணிச்சா? சாலைக்காரன் மூளை வேணும்டி இதுக்கு."

"சித்தப்பா, நமக்கு முதல் தவணை கிடைக்கணும்லா?"

"ஏலத்துல ஒன் சித்தப்பன் எண்ணைக்காவது தோத்திருக்கானா?"

உண்மைதான். கடைத்தெருச் சீட்டில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். எதற்காக மூடிக்கொள்கிறார்கள் என்று நாங்கள் இருவருமே யோசித்ததில்லை.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பானூர்ப் பக்கம் ஒரு ஓட்டலின் மாடி அறையில் கூடியது. நீண்ட மேஜை, பச்சைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கிளப்புக்கு இருவர் மேஜையில் உட்காரலாம். காப்டன்கள் பார்வையாளர்களாகப் பின்வரிசையில் உட்காரலாம்; பேசக்கூடாது. ஜெபா கல்யாணத்துக்கு வாங்கிய மாதிரி ஒரு வெள்ளைச் சட்டையில் வந்து, இரண்டு நாற்காலிகளின் ஓரத்தில் பாதிப்பாதியாக உட்கார்ந்திருந்தான்.

நான் பட்டுப் புடவையில் போயிருந்தேன். ஒரு லீகையே காப்பாற்றப் போகிறவள் சுடிதாரில் போவாளா?

பேசினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. 'நம் மண்ணின் நிதி மேலாண்மை' என்றேன். 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு' என்றேன். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிளப்புகள் பணத்துக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் அங்கெல்லாம் சீட்டு இல்லாததுதான் என்றேன். (இதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இன்றும் இல்லை.) கடைசியில் நிறம் கொடுத்த எக்செலைச் சுவரில் காட்டினேன்.

அறையில் ஒரு நெகிழ்ச்சி பரவியதை நானே பார்த்தேன். மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேர் வீட்டிலும் ஒரு சீட்டு இருந்தது. யாரோ ஒருவரின் தங்கை கல்யாணம், யாரோ ஒருவரின் மாடி, யாரோ ஒருவரின் முதல் பைக். நாலு மாதமாக 'பங்கீட்டு விகிதம்', 'நிர்வாக நெறிமுறை' என்று வாயில் நுழையாததைப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் வீட்டுப் பாஷையில் ஒருத்தி பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது நியமபரமாய் ஓகே அல்லே?" என்று தலைவர் மட்டும் கேட்டார். சட்டப்படி சரிதானே என்று.

பதில் சொன்னவர் கொச்சிக் கிளப்பின் செயலாளர் ஷீபா மேடம். வக்கீல். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நாலு மாதமும் கூட்டத்துக்குத் தகுந்த பங்கு வேண்டும் என்று எங்களை எதிர்த்து வாதாடியவர் அவர்தான். என் எக்செலை ஒரு நிமிடம் பார்த்தார். நிரலை நான் பார்ப்பதைப் போலப் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது.

"சீட்டுன்னு எழுத வேண்டாம் சார். சுழற்சி முறை நிதிப் பகிர்வுன்னு எழுதலாம்," என்றார். தமிழ் நன்றாகவே பேசுவார். "பகவதி கொண்டுவந்த யோசனை, அதனால் பகவதி முறை. நான் வழிமொழியறேன்."

எதிரணித் தலைவியே வழிமொழிந்துவிட்டார்! என் பேச்சின் வலிமை அப்படி என்று எடுத்துக்கொண்டேன். சித்தப்பா மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஜெபாவின் கை. அந்த அறையில் அதைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. மின்விசிறியில் பட்டுவிடுமோ என்றிருந்தது.

"நிரீட்சகர்க்கு சம்சாரிக்கான் அனுவாதமில்லா," என்றார் தலைவர். பார்வையாளருக்குப் பேச அனுமதி இல்லை. முடிவு என்று அவர் வாழ்நாளில் எடுத்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஜெபா கையை இறக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்து, கண்ணால் அதட்டி இறக்க வைத்தேன். நான்தான்.

ஓட்டெடுத்தார்கள். லீக் வரலாற்றில் முதன்முறையாக ஆறுக்கு ஆறு. கைதட்டல். அந்தக் கூட்டத்திலேயே அதைப் பதினான்காம் துணைவிதியாகச் சேர்த்தார்கள். முதல் தவணைக்கு அங்கேயே ஏலம் என்றார் தலைவர். ஒரு கரண்டியால் டம்ளரைத் தட்டித் தொடங்கி வைத்தார்.

"பத்து சதவீதம் தள்ளு," என்றார் கொல்லத்துக்காரர்.

"பதினைந்து," என்றார் பாலக்காட்டுக்காரர்.

"இருபது," என்றார் சித்தப்பா, நாற்காலியில் சாய்ந்தபடி. சாலையில் என்றால் இத்துடன் முடிந்திருக்கும்.

"இருபத்தஞ்சு." "முப்பது."

கொல்லத்துக்கும் பாலக்காட்டுக்கும் அதே மாதக் கடைசி, அதே ரசீது, அதே உரிமம். நாலு மாதமாகத் தோளோடு தோள் நின்ற மூன்று கிளப்பும் இப்போது ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். நாற்பது வந்தபோது சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுட்டி. கொல்லத்துக்காரனுக்கு வேர்க்குது பாரு. இன்னும் ஒரு தட்டு தட்டினா விழுந்திருவான்."

என் ஆபீஸ் சீட்டில், எவ்வளவு அவசரமானாலும் முப்பது சதவீதத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் துணைவிதியில் சேர்க்க மறந்துவிட்டேன் என்பது எனக்கு நாற்பத்தைந்தில் ஞாபகம் வந்தது. ஐம்பதில் இன்னொன்று கண்ணில் பட்டது. கொச்சியும் கோழிக்கோடும் திருச்சூரும் ஏலத்தில் வாயே திறக்கவில்லை. பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ஷீபா மேடம் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டுச் சர்க்கரை குறைவாக இன்னொரு டீ கேட்டார்.

"அறுபது!" என்றார் சித்தப்பா. எழுந்து நின்று சொன்னார்.

கொல்லத்துக்காரர் விழுந்தார். பாலக்காட்டுக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைவர் டம்ளரை மூன்றுமுறை தட்டினார். சித்தப்பா நாலு பக்கமும் கும்பிட்டார். நூறு ரூபாயில் அறுபதை விட்டுவிட்டு நாற்பதை ஜெயித்த மனிதரின் முகத்தில் இருந்த பூரிப்பை நான் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. அந்த அறுபது மற்ற ஐந்து கிளப்புக்கும் பிரிந்தது. ஷீபா மேடம் டீ குடித்ததற்குப் பன்னிரண்டு.

படியில் ஜெபா நின்றிருந்தான்.

"அக்கா, ஒரு காரியம் கேட்டா தப்பா எடுக்கக் கூடாது."

"கேளு."

"எங்கம்மையும் சீட்டுப் போடும். ஊர்ல மொதல் சீட்டு எப்பவும் ஆரு எடுப்பான்? வீட்டுல ஆஸ்பத்திரிக் கேஸ் உள்ளவன். கடைசிச் சீட்டு ஆரு எடுப்பான்? ஒரு தேவையும் இல்லாதவன். இல்லாதவன் தள்ளுனது எல்லாம் கடைசியில உள்ளவனுக்குத்தானே போகுது. கூட்டம் பாத்துப் பிரிச்சா கொச்சிக்காரனுக்கு எவ்வளவு கெடைக்குமோ, இப்போ அதைவிடக் கூடுதல் கெடைக்கும். நம்ம ஓட்டும் சேத்து வாங்கியாச்சு. இதைச் சொல்லத்தான் கையத் தூக்குனேன்."

பிழை கண்டுபிடிப்பதற்காகவே மாதம் சம்பளம் வாங்குகிறவள் பட்டுப் புடவையில் நின்றுகொண்டிருந்தேன். பேசக்கூடாது என்று உட்கார வைத்தவன் அந்தப் பிழையை, எக்செல் இல்லாமல், நான் எழுந்து பேசும்போதே கண்டுபிடித்திருந்தான்.

"நான் வேன் வேலைய விட்டாச்சே அக்கா," என்றான். குறையாகச் சொல்லவில்லை. வெறும் தகவலாகத்தான் சொன்னான். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அந்தப் படிக்கட்டு அப்படியே என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. 'நான் இருக்கேன்லா' என்று மறுபடி சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

ஆட்டோவில் சித்தப்பாவிடம் ஜெபா சொன்னதைச் சொன்னேன். அவர் ஆட்டோவை வீட்டுக்கு விடாமல் கடைக்கு விடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கடைத்தெரு காலியாகக் கிடந்தது. கடை ஷட்டரைத் தூக்கி, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எட்டி, வந்த நாப்பதுல என்ன ஆகும்?"

"காப்பீடு முழுசும் கட்டலாம். சம்பளம் பாதி ஆகும்."

"மீதிப் பாதிக்கு அந்தப் பயலுவ கையெழுத்துப் போடணும், அப்படித்தானே?" கொஞ்சநேரம் கடையைச் சுற்றிப் பார்த்தார். "வீட்டுப் பணத்துல தொடக்கூடாதுன்னுதானே ஒன் சித்தி சொன்னா. சரக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லல்லியே."

அடுத்த நாள் பதினெட்டு ஆட்டக்காரர்களும் கடைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் சித்தப்பா, "ஒனக்கு என்னடே வேணும்?" என்று கேட்டார். ஒருவன் தண்ணீர்த் தொட்டி எடுத்தான். ஒருவன் கக்கூஸ் பீங்கான். அக்கா கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று இன்னொருவன் ஏழு வாளி பெயின்ட். ஜெபா கூரைத் தகடு கேட்டான். அவன் வீடு மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாகத் தினமும் அவன் வண்டியில் போயிருக்கிறேன். எல்லோரும் முழுச் சம்பளம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். உலகத்தில் வேறெந்தத் தொழில்முறை ரக்பி வீரனும் சம்பளமாகக் கக்கூஸ் பீங்கானைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டான்.

உரிமம் கிடைத்தது. (கொல்லமும் பாலக்காடும் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டன.) சீருடைதான் கிடைக்கவில்லை, தைக்கக் கொடுத்த இடத்தில் பாக்கிக்குப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதற்கும் கிடங்கில் வழி இருந்தது. பெயின்ட் கம்பெனிக்காரர்கள் பெயின்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொல்லி மூட்டை மூட்டையாகப் பனியன் தருவார்கள். நல்ல மஞ்சள் நிறம். முதுகில் 'ஒரு கோட் போதும்' என்று மலையாளத்தில் அச்சிட்டிருக்கும். ஆட்டக்காரர் எண்களை மட்டும் சித்தப்பாவே தூரிகையால் எழுதினார்.

முதல் ஆட்டம் கொச்சியோடு. தோற்றோம். ஸ்கோர் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது நிமிடத்திலேயே கேலரியில் எவனோ, "எடா பெயின்டர்மாரே, ஒரு கோட்டு கூடி!" என்று, இன்னும் ஒரு கோட் அடியுங்கடா என்று கத்தினான். ஜெபா கொச்சிக்காரன் ஒருவனைச் சாய்க்கும்போதெல்லாம் மொத்த கேலரியும் சேர்ந்து கத்தியது. கடைசி நேரத்தில் அவன் மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பந்தை வைத்தான். ரக்பி பாஷையில் அது ட்ரை; எங்களுக்கு அன்று அது ஒன்றுதான். அடுத்த ஆட்டத்துக்கு நிஜமான பெயின்டர்கள் வண்டி பிடித்து வந்தார்கள், வேலைக்குப் போகிற அதே பனியனில். அவர்களில் யார் எங்கள் வீரர், யார் பார்வையாளர் என்று நடுவரே ஒருமுறை குழம்பினார்.

அந்த ஆண்டுக் கடைசியில் லீக் கூட்டக் கணக்கு எடுத்தது. ஆறு கிளப்பில் அதிகக் கூட்டம் வந்தது எங்கள் ஆட்டங்களுக்கு. அதாவது, ஷீபா மேடம் முதலில் கேட்ட, நான் நாலு மாதம் எதிர்த்த, கூட்டத்துக்குத் தகுந்த பங்கு என்ற முறையை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால், அதிகப் பணம் எங்களுக்குத்தான் வந்திருக்கும். ஷீபா மேடம் கடைசித் தவணையைத் தள்ளே இல்லாமல் முழுசாக எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு கிலோ அல்வா அனுப்பி வைத்தார். நல்ல அல்வா. சாப்பிட்டோம்.

அடுத்த பொதுக்குழுவில், பகவதி முறையை ஒழித்துக் கூட்டத்துக்குத் தகுந்த பங்கு கொண்டுவர வேண்டும் என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். கொச்சி, கோழிக்கோடு, திருச்சூர் எதிர்த்தன. துணைவிதியை மாற்ற நாலு ஓட்டு வேண்டும். மூன்றுக்கு மூன்று. தலைவர் கைகூப்பி, "நிங்ஙள் தம்மில் ஒந்நு பேசி வரூ" என்றார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தள்ளுக்கு முப்பது சதவீத வரம்பு மட்டும் எப்படியோ சேர்க்க முடிந்தது. கொல்லமும் பாலக்காடும் நாங்களும் இப்போது ஏலத்துக்கு முந்தின நாளே போனில் பேசி, யார் கேட்பது என்று முடிவுசெய்துகொள்கிறோம். அதனால் சம்பளம் ஒன்றாம் தேதி போய்விடுகிறது. ஜெபா இன்னும் காப்டன். அவன் வீடும் ஒழுகுவதில்லை.

என் வீட்டில்தான் விமோசனம் இல்லை. சித்தி உளுந்து வடை சுட்டால் தட்டில் கடைசியாக ஒன்று மிஞ்சும். உடனே சித்தப்பா டம்ளரைக் கரண்டியால் தட்டுவார்.

"ஆருக்கு அவசரம்? அவசரக்காரன் கையத் தூக்கு. பாதி தள்ளிக் கேட்டா பாதி வடை கெடைக்கும்."

யாரும் தூக்க மாட்டோம். எவ்வளவு பசியானாலும் தேவையே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம். சித்தி, என் அப்பா, அம்மா, போன வருடம் வந்த என் கணவர் உட்பட எல்லோரும் பழகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் கடைசி வடை எப்போதும் ஆறித்தான் போகும்.

போன மாதம் ஜெபா ஏதோ கையெழுத்துக்காக வந்தவன் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தான். சித்தப்பா வழக்கம்போல டம்ளரைத் தட்டினார். "ஆருக்குடே அவசரம்? கையத் தூக்கு."

நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். ஜெபா கையைத் தூக்கவில்லை. நீட்டினான். வடையை எடுத்து இரண்டு கடியில் தின்று முடித்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"ஒருக்கா தூக்கிப் பாத்தாச்சு அக்கா," என்றான்.